28இலிருந்து 18க்கு: அம்பத்தூரில் பிறந்த ஒரு மாற்றத்தின் பயணம்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி இரவு, புது டெல்லியில் ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம் முடிந்ததும், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் புதிய வரி விகிதங்களை அறிவித்தார். 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5க்கோ 18க்கோ இறங்கின. சென்னையின் மேற்குப் புறநகரை இந்தச் செய்தி நேராக வந்து தொட்டது. பாடியில் 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று ஒவ்வொன்றாக வந்தன. அன்றிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டும், பின்னால் வந்த திருமழிசை, திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டைகளும் வண்டி உதிரிபாகங்களை நம்பியே வளர்ந்தன. அந்த உதிரிபாகங்களின் வரி 28இலிருந்து 18 ஆனது. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் 12 என்பது 5 ஆனது. அமலுக்கு வந்த நாள் செப்டம்பர் 22, திங்கட்கிழமை, நவராத்திரியின் முதல் நாள்.

ஒரு பட்டறையின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதன் பொருள் எளிது: ஞாயிறு இரவு 12 மணி வரை பில்லில் 28 இருக்க வேண்டும், 12 அடித்த பிறகு 18 இருக்க வேண்டும். அந்தப் பில்லைப் போடும் மென்பொருளை எழுதுகிறவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. அந்த மாற்றம் ஒரு மடிக்கணினியில் பிறந்து, நூற்றுக்கணக்கான பட்டறைகள் நம்பியிருக்கும் சர்வருக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எஸ்டேட்டுக்குள் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு ஒன்று, சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்காக ஒரு பில்லிங் வெப் ஆப் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். குழு கற்பனை, அது எதிர்கொள்ளும் சட்டமும் தேதிகளும் தொழில்நுட்பமும் உண்மை.

முதலில் பில்லின் கனம் புரிய வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், இன்னொரு நிறுவனத்துக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். பில் விவரம் அரசின் பதிவுத் தளத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து 64 எழுத்து நீளமுள்ள ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் கையொப்பமிட்ட கியூஆர் குறியீடும் திரும்பி வர வேண்டும். அவை இல்லாத பில் செல்லாது. தேவையான இடத்தில் இ-வே பில்லும் வேண்டும். இதில் ஏதாவது தடங்கினால் பட்டறைக் கேட்டிலிருந்து தொலைபேசி வரும்: "தம்பி, வண்டி லோடு ஏத்தி நிக்குது, பில்லு வரமாட்டேங்குது. கொஞ்சம் பாருப்பா." அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்புதான், மென்பொருளைச் சர்வரில் ஏற்றும் டிப்ளாய்மென்ட் என்ற வேலையின் அடிப்படை.

மடிக்கணினியில்

பழைய நிரலில், வண்டி உதிரிபாகங்களைக் குறிக்கும் 8708 என்ற எச்எஸ்என் எண்ணுக்கு நேராக 28 என்று எழுதியிருக்கிறது. அதை அழித்துவிட்டு 18 என்று எழுதினால் இரண்டு எழுத்துத் திருத்தம்தான். ஆனால் அதை எப்போது சர்வரில் ஏற்றுவது? ஞாயிறு நள்ளிரவு சரியாக 12 மணிக்கு ஒருவர் கணினி முன் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். ஐந்து நிமிடம் முந்தினால் அந்த ஐந்து நிமிடத்துப் பில்கள் தவறு, பிந்தினாலும் தவறு.

ஆகவே குழுவின் நிரலாளர் வேறு வழி எடுக்கிறார். விகிதத்தை நிரலிலிருந்து வெளியே எடுத்து ஓர் அட்டவணையில் வைக்கிறார். ஒரு வரியில்: 8708, 28 சதவீதம், 2017 ஜூலை 1 முதல் 2025 செப்டம்பர் 21 வரை. அடுத்த வரியில்: 8708, 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல். பில்லின் தேதியைப் பார்த்து எந்த வரி பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றுகிறார். இனி நள்ளிரவில் யாரும் விழித்திருந்து எதையும் ஏற்ற வேண்டியதில்லை. மாற்றத்தை முன்கூட்டியே சர்வரில் வைத்துவிடலாம். நாள் வந்ததும் அது தானாக நடைமுறைக்கு வரும். மென்பொருளைக் கொண்டுபோய் வைப்பது ஒரு செயல், அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது இன்னொரு செயல். இரண்டையும் பிரித்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

நிரலோடு கூடவே சோதனைகளையும் எழுதுகிறார். அவற்றில் ஒன்று இப்படி: செப்டம்பர் 22 அதிகாலை 2 மணிக்குப் போடும் பில்லில் 18 இருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் ஓட்டி விடியும் முன்னே லோடு அனுப்பும் பட்டறைகள் இங்கே உண்டு. மடிக்கணினியில் சோதனை ஓடுகிறது; பச்சை. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கமிட் போட்டு, தனிக் கிளையில் புஷ் செய்து, சக ஊழியர் பார்ப்பதற்காக பிஆர் (புல் ரிக்வெஸ்ட்) திறக்கிறார். மாற்றத்துக்கு நாற்பது எழுத்து நீளமுள்ள ஓர் அடையாள எண் கிடைக்கிறது. இனி அது போகிற இடமெல்லாம் அந்த எண்ணும் கூடவே போகும்.

முதல் வாசல்

புஷ் ஆன சில விநாடிகளில், எங்கோ ஒரு தரவு மையத்தில் புத்தம் புதிய கணினி ஒன்று இதற்காகவே எழுந்து, நிரலை இறக்கி, எல்லாச் சோதனைகளையும் ஓட்டுகிறது. சில நிமிடங்களில் குழுவின் அரட்டைப் பெட்டியில் செய்தி வருகிறது: பில்டு ஃபெயில். அதிகாலை 2 மணிச் சோதனையில் எதிர்பார்த்தது 18, வந்தது 28.

காரணம் கடிகாரம். மடிக்கணினி இந்திய நேரத்தில் ஓடுகிறது. சோதனை ஓட்டிய கணினி, பெரும்பாலான சர்வர்களைப் போல, உலகப் பொதுநேரமான யுடிசியில் ஓடுகிறது. நமக்கு நள்ளிரவு 12 மணி ஆகும்போது யுடிசியில் முந்தைய நாள் மாலை 6:30. நிரல் "இன்று என்ன தேதி" என்று சர்வரைக் கேட்டால், இந்திய நேரம் காலை 5:30 வரைக்கும் அது செப்டம்பர் 21 என்றே சொல்லும். உண்மையான சர்வரும் யுடிசியில்தான் ஓடுகிறது. வாசலில் இந்தச் சோதனை இல்லாவிட்டால், திங்கட்கிழமை அதிகாலையில் கிளம்பிய ஒவ்வொரு வண்டியும் 28 சதவீதப் பில்லோடு போயிருக்கும்.

"என் மெஷின்ல சரியா ஓடுச்சே" என்பது நம் அலுவலகங்களில் அன்றாடம் கேட்கும் வாக்கியம். அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கணினியில் உண்மையாகவே ஓடியது. வேறு கடிகாரம், வேறு இயங்குதளம், வேறு நூலகப் பதிப்பு உள்ள இடத்தில் அது ஓடுமா என்பதைத் தன் கணினியில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் யாரும் கேட்காமலே வேறோர் இடத்தில் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் வந்தது. 2001இல் வந்த குரூஸ்கன்ட்ரோல் இதற்கான ஆரம்பகாலக் கருவி. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி எழுதிய ஹட்சன், 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறி உலகமெங்கும் பரவியது. இன்று கிட்ஹப் ஆக்ஷன்ஸ், கிட்லேப் போன்றவை ஐந்து பேர் குழுவுக்கும் இந்த வசதியைத் தருகின்றன.

நிரலாளர் தேதியை இந்திய நேரப்படி கணக்கிடுமாறு திருத்துகிறார். மறுபடி புஷ், மறுபடி சோதனை. இந்த முறை பச்சை. சக ஊழியர் வரி வரியாகப் படித்து மெர்ஜ் செய்கிறார். அடுத்து, இந்த வேலைகளைத் தானாக வரிசையாக நடத்தும் பைப்லைன் அந்த நிரலையும், அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே டாக்கர் இமேஜாகக் கட்டி முத்திரையிடுகிறது. இந்த இடத்தில் ஒரு விதி உண்டு: இமேஜைக் கட்டுவது ஒரே ஒரு முறைதான். சோதிக்கும் இடமான ஸ்டேஜிங்குக்கு ஒன்று, வாடிக்கையாளர் பயன்படுத்தும் ப்ராடுக்கு (ப்ரொடக்ஷன்) இன்னொன்று என்று தனித்தனியாகக் கட்டினால், சோதித்த பொருள் ஒன்று, வாடிக்கையாளருக்குக் கொடுத்த பொருள் வேறொன்று ஆகிவிடும்.

ஸ்டேஜிங்

ஸ்டேஜிங் என்பது ப்ராடைப் போலவே அமைந்த, ஆனால் வாடிக்கையாளர் யாரும் இல்லாத இடம். அதே இயங்குதளம், அதே டேட்டாபேஸ் பதிப்பு, அதே யுடிசி கடிகாரம். வேறுபடுபவை டேட்டாபேஸின் முகவரி, கடவுச்சாவிகள், வெளியே எந்தத் தளத்தோடு பேச வேண்டும் என்ற அமைப்புகள் மட்டும். இவை இமேஜுக்குள் இருப்பதில்லை. ஓடத் தொடங்கும்போது வெளியிலிருந்து ஊட்டப்படுகின்றன.

அம்பத்தூர்ப் பட்டறைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய வாகன நிறுவனத்துக்குப் புதுப் பாகம் சப்ளை செய்ய வேண்டுமென்றால் முதலில் பிபிஏபி எனப்படும் மாதிரிப் பாகங்களையும் ஆவணங்களையும் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த மாதிரியைத் தனியாக ஒரு நல்ல மிஷினில், கைதேர்ந்த ஒருவரை வைத்துச் செய்து காட்ட முடியாது. உற்பத்திக்குப் பயன்படப் போகும் அதே டூலிங்கில், அதே முறையில், வழக்கமாகத் தொடர்ந்து குறைந்தது 300 பாகங்கள் ஓட்டி, அதிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். டூலிங்கை மாற்றினால் ஒப்புதலையும் மறுபடி வாங்க வேண்டும். ஸ்டேஜிங்குக்கும் அதே நியாயம்தான்: ப்ராடிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறதோ, அது தரும் ஒப்புதலும் அவ்வளவு பயனற்றது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் முழுவதும் பிரிந்தே இருக்க வேண்டும். இ-இன்வாய்ஸ் பதிவுத் தளத்துக்கு, சோதனைக்கென்றே தனி சாண்ட்பாக்ஸை அரசின் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) வைத்திருக்கிறது. ஸ்டேஜிங் அந்த சாண்ட்பாக்ஸோடுதான் பேச வேண்டும். தவறிப்போய் ப்ராட் சாவி ஸ்டேஜிங்கில் இருந்து, ஒருவர் சோதனைக்காக ஒரு லட்ச ரூபாய்க்குப் பில் போட்டால், அது சட்டப்படி உண்மையான பில் ஆகிவிடும். விற்றவரின் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் தானாகப் போய் உட்காரும். பதிவுத் தளத்தில் அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். ரத்து செய்தாலும் அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. எங்கோ ஒரு பட்டறை முதலாளி, தான் போடாத பில்லுக்கு ஆடிட்டரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். எனவேதான் ஸ்டேஜிங் சர்வரிலிருந்து பார்த்தால் ப்ராட் சாவி கண்ணிலேயே படக்கூடாது. "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரையால் இதைக் காக்க முடியாது. தவறு செய்யவே வழியில்லாத அமைப்பால்தான் காக்க முடியும். வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அப்படியே ஸ்டேஜிங்குக்கு நகல் ஆகக்கூடாது என்பதும் அதே காரணத்தால்தான்.

மெர்ஜ் ஆன சில நிமிடங்களில் மாற்றம் தானாகவே ஸ்டேஜிங்கில் ஏறிவிடுகிறது. யாரும் எந்தக் கட்டளையும் தட்டவில்லை. அங்கே மட்டும் "இன்றைய தேதி"யை மாற்றிப் பார்க்கும் வசதி உண்டு. சோதிப்பவர் முன்பு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். தேதியை அக்டோபருக்கு நகர்த்தி, நிரலாளர் யோசிக்காத ஒன்றைச் செய்கிறார்: செப்டம்பர் 10ஆம் தேதி விற்ற சரக்கில் நூறு பாகம் ரிஜெக்ட் ஆகி அக்டோபரில் திரும்பி வருகிறது, அதற்கு கிரெடிட் நோட் போடுகிறார். திரையில் 18 வருகிறது. அது தவறு. விற்றபோது வாங்குபவரிடம் வசூலித்தது 28. திருப்பிக் கழிக்க வேண்டியதும் 28தான். நிரலோ கிரெடிட் நோட்டின் தேதியைப் பார்த்து விகிதம் எடுத்திருக்கிறது. அது பார்த்திருக்க வேண்டியது மூலப் பில்லின் தேதியை.

நிரல் தெரிந்தவரால் பிடிக்க முடியாத தவறு இது. தொழில் தெரிந்தவர் கையில் அதை ஓட்டக் கொடுத்ததால் பிடிபட்டது. இப்போது ஒரு சபலம் எழும்: ஸ்டேஜிங் சர்வருக்குள்ளேயே போய் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டால் என்ன? மாற்றினால், யாருடைய கிட்டிலும் இல்லாத ஒரு நிரல் ஸ்டேஜிங்கில் ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு ஸ்டேஜிங் சொல்லும் "சரி"க்கு மதிப்பில்லை. திருத்தம் மறுபடி மடிக்கணினிக்குப் போய், புதுச் சோதனையோடு, முதல் வாசலிலிருந்தே வர வேண்டும். முழு வழியும் தானாக ஓடுவதால் அதற்கு அரை மணி நேரம் கூட ஆவதில்லை. கையால் செய்யும் வேலையாக இருந்தால் குறுக்கு வழியை யார்தான் விட்டுவைப்பார்கள்?

கையால் செய்த காலம்

வெப் ஆப்பைச் சர்வரில் ஏற்றுவது என்றால் எஃப்டிபி திறந்து ஒவ்வொரு கோப்பாக இழுத்துப் போடுவது என்றிருந்த காலம் ரொம்பத் தள்ளி இல்லை. பழைய கோப்பின் பெயருக்குப் பின்னால் "ஓல்டு" என்று சேர்த்து வைப்பதுதான் ரோல்பேக். எந்தக் கோப்பு விட்டுப்போனது என்பது வாடிக்கையாளர் கூப்பிடும்போதுதான் தெரியும்.

பெரிய இடத்திலும் இதே நிலைதான் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கேபிட்டல் என்ற நிறுவனம் தன் புதிய நிரலோடு இறங்கியது. அதை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் என்ற ஏற்பாடு இல்லை. அந்த ஒரே சர்வரில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்து, கட்டுப்பாடில்லாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடத்தில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அந்த ஊழியரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் எட்டு முறை ஒரே வேலையை ஒரு மனிதரைச் செய்ய வைத்தால் ஏதாவது ஒரு நாள் ஏழு முறைதான் நடக்கும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறு வகை. இரவு நேரத்தில் சோர்ந்திருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது சில ஜிபி மட்டுமே. வழக்கமான பேக்கப்புகளைத் தேடினால், பதிப்பு பொருந்தாமல் அவை ஓடவே இல்லை என்று தெரிந்தது. கடைசியில் காப்பாற்றியது ஸ்டேஜிங். அங்கே சோதிப்பதற்காக சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்தது. அதிலிருந்துதான் தளம் மீண்டது. அதன் பிறகு அவர்கள் பட்டியலிட்ட திருத்தங்களில் ஒன்று, ப்ராட் சர்வரின் கட்டளைத் திரை சிவப்பாகவும் ஸ்டேஜிங்கின் திரை மஞ்சளாகவும் இருக்க வேண்டும் என்பது. இரண்டு இடங்களையும் கண்ணால் பார்த்த உடனே பிரித்தறிய வேண்டும் என்ற பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

ப்ராட்

அம்பத்தூருக்குத் திரும்புவோம். புதிய விகிதங்களுக்கான முறையான அறிவிக்கை செப்டம்பர் 17, புதன்கிழமைதான் வெளியானது. அதோடு அட்டவணையை வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்க்க வியாழனும் வெள்ளியும் போகின்றன. சனிக்கிழமை, 20ஆம் தேதி காலையில் குழுத் தலைவரின் திரையில் ஒரு பொத்தான் காத்திருக்கிறது: ப்ராடுக்கு அனுப்ப ஒப்புதல். மெர்ஜிலிருந்து ஸ்டேஜிங்கில் ஏறும் வரை எல்லாம் தானாக நடந்தது. இங்கே மட்டும் ஒரு மனிதர் நிற்கிறார். எதைச் செய்ய வேண்டும் என்று அவர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. இப்போது செய்யலாமா என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டும். எழுதியவரே ஒப்புதலும் கொடுக்க முடியாதபடி பைப்லைன் தடுத்திருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏன்? நள்ளிரவுக்குப் பிறகு சிக்கல் வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. பழைய பதிப்புக்குத் தெரிந்தது 28 மட்டுமே. இரண்டு நாள் முன்னதாக ஏற்றினால், சனிக்கிழமைப் பில்கள் எல்லாம் புதிய நிரல் வழியாகவே போகும். அட்டவணையின் முதல் வரியைப் பார்த்து 28 என்றே போடும். புதிய வழி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அந்த உண்மையான பில்களே சாட்சி. திரும்பிப் போக வேண்டுமென்றாலும் இன்னும் நேரம் இருக்கிறது.

பொத்தானை அழுத்தியதும், ஸ்டேஜிங்கில் ஓடிய அதே இமேஜ், அதே முத்திரையோடு ப்ராடுக்குப் போகிறது. டேட்டாபேஸில் முதலில் புதிய அட்டவணை சேர்கிறது. பழைய எதுவும் அழிவதில்லை, பழைய பதிப்பும் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பழையதன் பக்கத்திலேயே புதியது எழுகிறது. அது உயிரோடு இருக்கிறதா, டேட்டாபேஸோடு பேசுகிறதா என்று பைப்லைன் கேட்டுப் பார்த்து, நல்ல பதில் வந்த பிறகே வருகிறவர்களைப் புதியதன் பக்கம் திருப்புகிறது. பழையது சற்று நேரம் ஓரமாகக் காத்திருக்கும்.

அந்த ப்ராட் சர்வர் எங்கே இருக்கிறது? மும்பையில் இருக்கலாம், அமேசான் 2016இல் அங்கே தன் கிளவுட் மண்டலத்தைத் திறந்தது. பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட் வட்டாரமே இன்று தரவு மையங்களின் ஊராகிவிட்டது. என்டிடி 2023இல் இங்கே தன் வளாகத்தைத் திறந்தது. டிஜிட்டல் கனெக்ஷன் 2024 ஜனவரியில் வந்தது. எங்கே இருந்தாலும் மாற்றம் போகும் வழி ஒன்றுதான். ஊர் தெரியாமலே சரியாகப் போய்ச் சேர வைப்பதுதான் பைப்லைனின் வேலை.

நள்ளிரவு

ஞாயிறு இரவு 12 மணிக்கு இந்தக் குழு செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஒருவர் மட்டும் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நைட் ஷிஃப்ட் ஓடும் பட்டறையிலிருந்து அதிகாலையில் முதல் பில் வருகிறது: சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9. ஐஆர்என் திரும்பி வந்துவிட்டது. வண்டி கிளம்பலாம்.

இதையெல்லாம் ஆயிரம் பொறியாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே உரிய ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. பெரிய நிறுவனத்தில் ஒருவர் தவறினால் தாங்கிப் பிடிக்க இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். ஐந்து பேர் குழுவில் யாரும் இல்லை. அவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்ட வேண்டியதும் இல்லை. முதலில் ஸ்டேஜிங் சாவியையும் ப்ராட் சாவியையும் பிரியுங்கள். அதற்குச் செலவே இல்லை. அடுத்து, சர்வருக்குள் நேராகப் போய் எதையும் திருத்துவதை நிறுத்துங்கள். பிறகு, இப்போது கையால் தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி பைப்லைனிடம் கொடுங்கள். வாடிக்கையாளர் கடைசியாகச் சொன்ன குறையை ஒரு சோதனையாக எழுதுங்கள். அடுத்த குறைக்கு அடுத்த சோதனை. வரி விகிதம் மறுபடி மாறும், சட்டம் மாறும், அறிவிக்கை இன்னொரு முறையும் கடைசி வாரத்தில்தான் வரும். அப்போது கேட்டில் நிற்கும் வண்டிக்காரருக்கு உங்கள் திறமையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பில் சரியாக வந்தால் போதும். அதை ஒருவரின் ஞாபக சக்தியையும் இரவுத் தூக்கத்தையும் நம்பி விடாமல், எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழியின் பொறுப்பில் விடுவதுதான் இந்தத் தொழிலில் நாம் காட்டக்கூடிய மரியாதை.